அடிப்பலகை

கேரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டைக் கத்தியால் கீறியதும் ஒரு வாளித் தண்ணீர் நெஞ்சில் கொட்டியது.

எதிர்பார்த்ததுதான். தகடு வயிறு ஊதித் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதே உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் நேராக அதற்குக் கீழேயே படுத்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் புத்தி இவ்வளவுதான் வேலை செய்கிறது.

வண்டி நுஹ்மானுடையது. லக்கலப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களைத் தங்கவைக்கிற ஆள். போன மழையில் மண் சரிந்து பல்லேபொலையில் இந்த வளவில் இருந்த வீட்டின் பாதி போனது. அடுத்த மாதமே வீட்டுக்காரரும் மாரடைப்பில் மௌத்தானார். கூட்டாளியின் மனைவி ஹமீமாவுக்கென்று நுஹ்மான் இதை இழுத்துவந்து வளவுக்குள் நிறுத்தினார். இத்தா முடியும்வரை புருஷனின் வளவைவிட்டு அசையமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாளாம்.

புருஷன் போனவள் நான்கு மாதமும் பத்து நாளும் ஒதுங்கியிருக்க வேண்டும். அதுவரை அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. இன்னும் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது.

இழுத்துவந்த வழியில் கல் அடித்து அடித்தகடு கிழிந்திருக்கிறது. கிழிசலில் மழை ஏறி, மேலே சூடு தடுக்க அடைத்திருந்த பஞ்சு ஊறி, வண்டியின் தரைப்பலகையும் ஊறிவிட்டது.

"கீழ இருந்தே செஞ்சி முடிச்சிடுங்க மர்சூக் நானா. உள்ளுக்கு அவங்க இத்தாவில இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நுஹ்மான் மாத்தளைக்குப் போய்விட்டார்.

தலையாட்டினேன். வேலை முடியும்வரை என் குரல் மேலே கேட்கக்கூடாது என்ற நினைப்போடுதான் நானும் வந்திருந்தேன்.

ஈரப் பஞ்சைப் பிய்த்து எடுத்தேன். எலிக்கூடு ஒன்றும் சேர்ந்து வந்தது. கழுத்தெல்லாம் அரிப்பு.

பஞ்சு போனதும் பலகை தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். ஊறிய பாண் ரொட்டிக்குள் போவதுபோலப் போனது. ஒரு தொழுகைப் பாய் அளவுக்குப் பலகை செத்துப்போயிருந்தது. ஆள் ஏறி நின்றால் தாங்காது. சரியாகச் செய்வதென்றால் மேலே போய்ப் பழையதை வெட்டி எடுத்துப் புதியதை அடிக்க வேண்டும். மேலே போவது நடக்கிற காரியமா? இப்போதைக்குக் கீழே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத் தகட்டை மூடலாம் என்று நினைத்தேன்.

கட்டை சக்கரத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. எட்டவில்லை.

உருண்டு போய் எடுக்கப் பார்த்தபோது பள்ளிவாசலில் நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மேலே காலடி நடந்துவந்தது. குழாய் திறந்து மூடியது. பாய் உதறும் சத்தம்.

அந்தக் குறுகிய கேரவனுக்குள் தொழுவதற்கென்று வெறும் இடம் அது ஒன்றுதான் இருந்திருக்கும். செத்த பலகைக்கு மேலேயே பாயை விரித்தாள்.

அவள் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கியது கேட்டது. பலகை என் மூக்கை நோக்கி இறங்கியது.

தொழுகையில் நிற்கிறவளை எப்படிக் கூப்பிடுவது? இரண்டு கையையும் விரித்துப் பலகையைத் தாங்கினேன். முழங்காலையும் மடக்கி முட்டுக்கொடுத்தேன்.

நான்கு ரக்அத் இவ்வளவு நீளம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. நான் தொழும்போது சட்டென்று முடிந்துவிடும்.

முன் சுன்னத்தோடு ஆரம்பித்தாள். பிறகு கடமையான பர்ளு. பின் சுன்னத்தையாவது விட்டுவிடுவாளா என்று பார்த்தேன். விடவில்லை. இடையில் ஸலாம் கொடுத்தபோதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். வாய் வரவில்லை. தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. பலகையின் சிராய் உள்ளங்கையில் ஏறியது.

கடைசி சுஜூதில் அவள் நெடுநேரம் கிடந்தாள். பலகைக்கு இந்தப் பக்கம் என் கை, அந்தப் பக்கம் அவள் நெற்றி. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இந்த வேலையே வேண்டாம், எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். எழுந்தால் அவள் விழுவாள்.

ஸலாம் கொடுத்து முடித்தாள். எழுந்து பாயை மடித்தாள். ஒரு கால் என் கையைவிட்டு விலகி, ஓரத்தில் விரிசல் விட்டிருந்த இடத்தை நோக்கி நகர்ந்தது.

"அங்க மிதிக்காத" என்றேன்.

கால் நின்றது.

பிறகு நின்ற இடத்திலேயே அவள் மெதுவாக உட்கார்ந்தாள். மொத்தப் பாரமும் என் கையில் இறங்கியது. குரல் பலகைக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"ஒம்பது வருஷத்துக்கு முந்தி ஒங்கட வாசல்ல வெச்சும் இதத்தான் சொன்னீங்க, நானா."

எங்கள் உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓத வந்தவளை, எல்லாருக்கும் முன்னால், இனி என் வாசலை மிதிக்காதே என்றேன். என்ன கோபம் என்பதுகூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை. அவள் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. அவளுடைய புருஷனின் ஜனாஸாவுக்கு நானும் போகவில்லை.

"உள்ளுக்கு வாங்க" என்றாள். "கூடப்பொறந்தவருக்கு என்ன இத்தா?"

கையை மாற்றிப் பலகையைத் தாங்கினேன்.

"வாறேன். மொதல்ல நீ அந்தப் பலகைய விட்டு எழும்பு."

அவள் உடனே எழும்பவில்லை.