கொலம்பியாவுல மழையாம்

“நம்மூர்ல மழை வருமா வராதான்னு எழுதத்தான் போர்டு வாங்கிக் குடுத்தோம். நீ என்னப்பா எழுதி வச்சிருக்க?”

சீனிச்சாமி கேட்டதற்கு, டீ ஆற்றிக்கொண்டிருந்த ராஜமணி தலையை நிமிர்த்தவில்லை.

“மேல பாருங்கண்ணே. அனுமந்தன்பட்டியில இன்னைக்கு மழை இல்லைன்னு போட்டிருக்கேன்ல.”

“அது ஒரு வரி. அதுக்குக் கீழ நாலு வரி எதுக்கு?”

கீழே இருந்தது இதுதான்: ‘கொலம்பியா நாட்டில் புவனவெந்தூரா என்று ஓர் ஊர். உலகத்திலேயே மழை அதிகம் பெய்கிற ஊர்களில் ஒன்று. வருசத்தில் பாதி நாளுக்கு மேல் அங்கே மழைதான்.’

போன வாரம் பெரு நாட்டு லிமா. மாசக் கணக்கில் பனிமூட்டமாம், மழை மட்டும் கிடையாதாம். அதற்கு முன்னால் சிலியில் இக்கீக்கே. அங்கே வருசக் கணக்கில் உருப்படியாக ஒரு மழை விழாதாம்.

சீனிச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோட்டத்தில் திராட்சை கருத்துத் தொங்குகிறது. ஒரு மழை விழுந்தால் பழமெல்லாம் வெடித்துவிடும். இந்த நேரத்தில் இவன் எந்த ஊரையோ எழுதிக்கொண்டிருக்கிறான்.

“எங்க திராட்சைக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?”

“சும்மா, பொது அறிவுண்ணே.”

“டீ குடிச்சிட்டு நாங்க என்ன பரீட்சையா எழுதப் போறோம்?”

பெஞ்சில் இருந்த ஒச்சாண்டி சிரித்தார். “அந்தக் கொலம்பியாவுல தோட்டம் போடாமப் போனியே, அந்தமட்டுக்கும் தப்பிச்ச.”

கடுப்பில் சீனிச்சாமி தோள் துண்டை எடுத்து நாலு வரியையும் அழித்துவிட்டார்.

ராஜமணி முகம் மாறிப்போனது.

“ஏண்ணே அழிச்சீக? அவுக இன்னும் வரலையே.”

“எவுக?”

பதில் வருவதற்குள் கடை வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. மேலத் தோட்டத்து முத்துராமலிங்கம், சீனிச்சாமிக்கு மாமா. வண்டியை விட்டு இறங்காமலே போர்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன ராஜமணி, இன்னைக்கு ஒண்ணும் வரலையா?”

“வந்துச்சு பெரியப்பா. எழுதினது அழிஞ்சிருச்சு.”

“என்ன ஊரு?”

“புவனவெந்தூரா. கொலம்பியா நாடு. நல்ல மழையாம்.”

“காத்து?”

“காத்தெல்லாம் இல்லையாம்.”

“ம்.” இறங்கி வந்து டீயை வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, “அங்கன குளிருமா?” என்றார்.

“குளிராது பெரியப்பா. நம்மூரு மாதிரி வெக்கைதான்.”

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

கையில் துண்டோடு சீனிச்சாமி அப்படியே நின்றார். “எங்க மாமா காத்தடிச்சாக்கூட வானத்தைத்தான பாப்பாரு, போர்டைப் பாக்க மாட்டாரே. கொலம்பியாவுல குளிருதா இல்லையான்னு அவருக்கு என்னப்பா கவலை?”

ராஜமணி சாக்பீஸை எடுத்து, அழிந்த இடத்திலேயே மறுபடியும் எழுத ஆரம்பித்தார்.

“தோட்டத்த விட்டுட்டுக் கப்பல் வேலைக்குப் போன மகன் பேர எவனும் எம் முன்னால எடுக்கக் கூடாதுன்னு இங்கன நின்னுதான சொன்னாக. அவன் எனக்கு மெசேஜ் போடுறான். நான் பேர எடுக்கலண்ணே, கப்பல் நிக்கிற ஊர மட்டும் எழுதுறேன்.”