சாம்பியனின் இடது கை

மூன்று முறை கராத்தே பட்டம் வென்றவர் இப்போது வில்லனாக, விளக்குகளின் சூட்டில், கதாநாயகனின் குத்துக்குக் காத்து நிற்கிறார். குத்து வரும்போதெல்லாம் அவருடைய இடது கை தானாக எழுந்து தடுத்துவிடுகிறது. "அண்ணே, உங்கள அடி வாங்கத்தான் கூப்பிட்டோம். இன்னொரு தடவ தடுத்தா வேற ஆளப் போட்டுருவேன்," என்கிறார் இயக்குநர். சாம்பியன் அந்தக் கையை முதுகுப்பக்கம் பெல்ட்டுக்குள் செருகிக்கொள்கிறார். அரையடி தள்ளிப் போகவேண்டிய குத்து நேராக மூக்கில் இறங்குகிறது. எலும்பு நொறுங்கும் சத்தம் கடைசி விளக்குக்காரர் வரை கேட்கிறது. சட்டை முழுக்க ரத்தம் கொட்ட, சொன்ன இடத்தில் சொன்னபடி விழுகிறார். நான்கு பேர் ஐஸ் கட்டியோடு ஓடிவந்து கதாநாயகனின் விரல்களைப் பொத்திப் பிடிக்கிறார்கள். இயக்குநர் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். "அடி பிரமாதம். ஆனா குத்துறப்போ சார் கண்ண மூடிட்டாரு. இன்னொண்ணு போயிரலாம்." சாம்பியன் எழுந்து நின்று, கையை இன்னும் ஆழமாகச் செருகிக்கொள்கிறார்.