கடைசிப் பெட்டியின் ஒற்றை இருக்கை

அன்புள்ள அக்கா, ரோலர் கோஸ்டரில் எந்த இருக்கை நல்லது என்று கேட்டிருந்தாய். இவர் கம்பெனியில் வருடாவருடம் குடும்பத்தோடு தீம் பார்க்குக்கு பஸ்ஸில் கூட்டிப்போவதால் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். முன்வரிசையில் விழப்போகும் பள்ளம் முன்னமே தெரிந்துவிடும். நடுவில் அடுத்தவர் பின்னந்தலைதான் தெரியும். இரண்டிலும், ஆள் விழாமலிருக்க மடிமேல் இறக்கிப் பூட்டும் கம்பி எனக்கும் இவருக்கும் சேர்த்து ஒன்றுதான். அது இவர் வயிற்றில் முட்டி நின்றுவிடும், என் மடிவரை இறங்காது. வளைவுக்கு வளைவு இவர்மேல் போய் விழுவேன். “ஒழுங்கா உக்காரக்கூடத் தெரியாதா ஒனக்கு?” என்பார்.

இந்த முறை கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது கடைசிப் பெட்டியில், பின்பக்கம் பார்த்த ஒற்றை இருக்கை. கம்பி என் மடியில் கச்சிதமாக இறங்கியது. யார்மேலும் விழவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

வண்டி நின்றதும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். “வசுமதி, எறங்கு! பஸ் கெளம்புது!” என்று இவர் கத்தினார்.

“கம்பி மாட்டிக்கிச்சுங்க.”

அங்கே வேலை பார்க்கும் பெண் ஓடிவந்து குனிந்தாள். “பூட்டு தெறந்துதான் இருக்குக்கா. நீங்கதான் அமுக்கிப் புடிச்சிருக்கீங்க” என்றாள் மெல்ல. என் கைகளையே பார்த்தாள். பிறகு, படியேறி வந்துகொண்டிருந்த இவரிடம் திரும்பி, “ஆமா சார், மாட்டிக்கிச்சு. நேரமாகும்” என்றாள்.

நான் இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.