சிவப்பு மஃப்ளர்

"உங்க நோட்டீஸ்ல இருந்த போட்டோவைப் பார்த்துட்டுத்தான் வந்தேங்க. எங்க வீட்ல ஒரு பொண்ணுக்கு டாக்டராவணும்னு ரொம்ப ஆசை," என்று கூறியபடி சுதா நாற்காலியில் அமர்ந்தார்.

"கரெக்டான எடத்துக்குத்தான் வந்துகீறீங்க. தங்கச்சிக்கா? இவுங்கள முடிச்சிட்டு வந்துர்றேன்," என்றார் கிரண். கரையான்சாவடியில், ஒரு வங்கியின் மாடியில், அவர் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கான ஆலோசனை மையத்தை நடத்திவந்தார். "இன்னாத்துக்கு இன்னும் மாஸ்க்கு? கொரோனா போய்ச் சேந்துருச்சே!"

"மெயின்ரோட்டுத் தூசி இன்னும் போகலைங்களே," என்றார் சுதா பணிவாக.

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த நாகேந்திரனும் அவருடைய மகள் பவித்ராவும் கிரணுக்கு எதிரே அமர்ந்திருந்தனர். பவித்ராவின் மடியில் அசல் மதிப்பெண் சான்றிதழ்கள் அடங்கிய கோப்பு இருந்தது. அதை ஒப்படைத்துவிட்டால், அடுத்த ஆறு ஆண்டுகள் அவளுக்கு அயல்நாட்டில்தான்.

"அப்பா, நான் இங்கயே பிசியோதெரபி படிக்கிறேன்பா."

"குவார்ட்டர்ஸ் பூரா என் பொண்ணு எம்.பி.பி.எஸ்.னு சொல்லி வச்சிருக்கேன். பேசாம ஃபைலைக் குடு."

கிரண் உற்சாகமாகச் சுவரிலிருந்த பெரிய படத்தைச் சுட்டிக்காட்டினார். பனி மூடிய ஒரு கல்லூரி வாசலில், வெள்ளை அங்கி அணிந்த மாணவர்கள் வரிசையாக நின்றிருந்தனர்.

"அல்லாம் நம்ம அனுப்புன பசங்க சார். நடுவுல செவப்பு மஃப்ளர் போட்டுகினு சிரிக்குது பாருங்க, அந்தப் பொண்ணு இப்ப டெல்லில பெரிய சர்ஜன்! அப்பாயின்ட்மென்ட் கெடைக்கவே ஒரு மாசம் ஆவுது."

நாகேந்திரன் தம் மகளைப் பெருமையுடன் பார்த்தார். பவித்ரா தயங்கித் தயங்கிக் கோப்பை நீட்டினாள்.

"மன்னிக்கணும், ஒரு சந்தேகம்," என்று சுதா குறுக்கிட்டார். "அங்க குடுக்கிற பட்டத்தை வச்சு அந்த நாட்லயே வைத்தியம் பார்க்க முடியுங்களா?"

"அந்த ஊர்ல நமக்கு இன்னா வேலை? நம்ம புள்ளைங்க இங்க வந்துதானே ஊசி போடப் போவுது!"

"அங்கயே செல்லாத பட்டத்தை வச்சுக்கிட்டு வந்தா, இங்க டாக்டரா பதிவு பண்றதுக்கான பரீட்சையை எழுதவே விட மாட்டாங்களே?"

நீட்டிய கோப்பு பாதியில் நின்றது.

"நெஜமாவா சார்?" என்று கேட்டார் நாகேந்திரன்.

கிரணின் குரலில் அதுவரை இருந்த மரியாதை மறைந்தது. "யக்கா, தெரியாத விசயத்துல மூக்கை நுழைக்காத. சீட்டு வோணும்னா குந்து. இல்லாட்டி காத்து வரட்டும், கெளம்பு."

"கெளம்ப மாட்டேங்க. இந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறமா போறேன்."

"இன்னா பதிலு? அத்தோ, படத்துல கீற அந்தப் பொண்ணையே கேளேன், சொல்லும்!"

சுதா எழுந்தார். நிதானமாக நடந்துசென்று அந்தப் படத்தின் அருகில் நின்றார். பவித்ராவின் பக்கம் திரும்பி, முகக்கவசத்தைக் கழற்றினார்.

"டெல்லில இல்லம்மா, பூந்தமல்லி மருந்துக்கடைல பில் போட்டுக்கிட்டிருக்கேன்."