பூவரச இலைக் கவுன்

பங்குனி இரண்டாம் தேதி காலை, நாற்பது பூவரச இலைகளோடு தையல்சிட்டு அம்சா காட்டின் முதல் ஆடை மாளிகையைத் திறந்தது. அதுவரை இலை கொண்டுவந்தவர்கள் சொன்னபடிதான் தைத்துக் கொடுப்பது வழக்கம். "இனிமேல் யார் என்ன உடுத்துவது என்பதை நான் சொல்வேன்" என்று அறிவித்தது அம்சா.

முதல் கவுன் பெண்மயில் கோமளத்துக்கு. தரையைப் பெருக்கும் நீளம். கடை முன் மேடை போட்டுக் காட்டையே கூட்டியிருந்தது அம்சா; இது எடுபடாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். கோமளம் அதை உடுத்தித் திரைக்குப் பின்னால் மிதப்பாக நின்றபோது, ஆடு மொட்டையன் ஓசைப்படாமல் வந்து கவுனை முழங்கால் வரை தின்றுவிட்டது.

"அடப்பாவி! என்ன காரியம் செய்தாய்?" என்று பதறியது அம்சா.

"நல்ல தளிர் இலை, அக்கா. நூல்தான் பல்லில் மாட்டுகிறது."

ஒன்றும் அறியாத கோமளம் அதற்குள் மேடை ஏறிவிட்டது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"ஏன்டி அம்சா, இலை தீர்ந்துபோச்சா?" என்று கிளையிலிருந்து கத்தியது அணில்.

அம்சா மேடைக்குப் பறந்து வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னது: "இந்த வருஷம் கால் தெரிய வேண்டும்."

மான், முயல், நரி எல்லாம் கடை வாசலில் முட்டி மோதின. "எனக்கு இன்னும் கொஞ்சம் மேலே!" என்று எல்லாருக்கும் முன்னால் குதித்தது அணில்.

ஆவணி முதல் தேதி, மொட்டையன் அந்த மாளிகையின் தலைமை வடிவமைப்பாளராகப் பொறுப்பேற்றது.