முழுக்கைச் சட்டை

இன்பத்துக்கு இடுப்பு கழன்று கீழே விழுந்துவிடும் போலிருந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலைக்கு நாளெல்லாம் நின்று பழகிய அவள் இடுப்புதான். வேலூர் ஆஸ்பத்திரியில், வார்டுக்கு வெளியே இந்த இரும்பு நாற்காலியில் ஒரு வாரமாகக் கிடந்ததில் அதுவும் கையை விரித்துவிட்டது.

உள்ளே அம்மா. பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டு கிடக்கிறாள். நாளைக் காலை ஆபரேஷன்.

அதற்குள் வீட்டு ஆட்கள் இரண்டு யூனிட் ரத்தம் கொடுத்தாக வேண்டும்.

ஒன்றை, கம்பெனி பஸ் ஓட்டும் அப்துல் சமத் வந்து கொடுத்துவிட்டுப் போனார். சொந்தமா, பந்தமா, ஒன்றும் கிடையாது. இன்பமும் கையை நீட்டித்தான் பார்த்தாள். உனக்கே ரத்தம் கம்மி, முதலில் நீ போய் ஒழுங்கா சாப்பிடும்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என் தம்பி ஜெர்மனியிலேர்ந்து வர்றான், அவன் குடுப்பான் என்று ரத்த வங்கியில் பெருமையாகவே சொல்லிவிட்டு வந்தாள்.

தம்பி ஷாஜின் காலையில் வந்து சேர்ந்தான். வந்ததிலிருந்து வாயை மூடவில்லை.

அங்கே நோயாளிகூட யாரும் காவல் கிடக்க வேண்டாமாம். பூ வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமாம். லிஃப்டுக்கு இப்படி இடித்துக்கொண்டு நிற்க மாட்டார்களாம். பைப்பைத் திறந்து அப்படியே தண்ணீர் குடிக்கலாமாம். ராத்திரியில் ஒரு ஹார்ன் சத்தம் கேட்காதாம்.

அவன் சொல்வதில் பொய் ஒன்றும் இருக்காது. அதுதான் இன்பத்துக்கு இன்னும் எரிச்சல்.

அம்மாவைப் புரட்டிவிட, துடைத்துவிட, மலம் அள்ளிப்போட அங்கே தனியாக ஆள் இருக்கிறதாம். இருக்கட்டும். இங்கே அந்த ஆள் அவள்தான்.

வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. மே மாதத்து வேலூர். தலைக்கு மேலே ஃபேன் அனலைத்தான் சுற்றிவிட்டது. இவனோ மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்ட முழுக்கைச் சட்டையில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தான். மடிச்சு விட்டுக்கோயேண்டா என்றதற்குப் பரவால்லக்கா என்றான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் சட்டைக்கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான்.

ஜெர்மனி ஸ்டைல் போல, என்னமோ போ என்று விட்டுவிட்டாள்.

ரத்தப் பேச்சை எடுத்தாள். அதற்கும் ஒரு ஜெர்மனி வைத்திருந்தான்.

"அங்கெல்லாம் வீட்டு ஆளுங்கள ரத்தத்துக்கு அலையவிட மாட்டாங்கக்கா. ஜனங்களே சும்மா வந்து குடுத்துட்டுப் போவாங்க."

"நீயும் ஜனம்தானேடா? எழுந்திரு."

தூக்கமே இல்லக்கா என்றான். டீ குடிச்சிட்டு வர்றேன் என்றான். அஞ்சு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று இன்பம் அவனைத் தள்ளிக்கொண்டே போனாள்.

ரத்த வங்கியில் இருந்த நர்ஸ், சட்டைக்கையை மடக்கச் சொன்னாள்.

ஷாஜின் அக்காவைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். பிறகு பட்டனைக் கழற்றி, மெதுவாக மேலே சுருட்டினான்.

முழங்கைக்குக் கீழே, புது மையின் பளபளப்போடு, பெரிய பெரிய எழுத்தில் பச்சை குத்தியிருந்தது.

'அம்மா.'

எப்போது குத்தியது என்று நர்ஸ் கேட்டாள். போன மாசம் என்றான். பச்சை குத்தினால் ஒரு வருஷத்துக்கு எடுக்க மாட்டோம் சார் என்று ஊசியை ஓரமாக வைத்துவிட்டாள்.

அவன் விடவில்லை. அங்கே லைசென்ஸ் இல்லாமல் கடையே போட முடியாது, ஆளுக்கு ஆள் புது ஊசி, புது கிளவுஸ், உங்க ஆஸ்பத்திரியைவிட சுத்தம் என்று ஆரம்பித்தான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

வெளியே வந்ததும் அவசர அவசரமாகச் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதக்கா. உடம்புல எழுத்து குத்தக்கூடாதுன்னு பைபிள்லயே போட்டிருக்குன்னு சபை முழுக்க சொல்ற ஆளு. பாத்தா செருப்பாலயே அடிக்கும். அது ஞாபகமாத்தான்க்கா குத்துனேன்…"

இன்பம் அவனைத் திட்ட வாயெடுத்தாள். இடுப்பு சுள்ளென்று இழுத்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பச்சை என்னவோ நல்ல வேலைதான். ஒரு பிசிறு இல்லை, ஒரு கோணல் இல்லை. இத்தனை நாள் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்ணுக்கு அதில் ஒரு குறையும் படவில்லை.

போனை எடுத்து, கம்பெனியில் கூட வேலை பார்க்கும் லைன் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டினாள்.

அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். இன்னும் ஒரு யூனிட் ரத்தம் பாக்கி.