இரண்டு தம்ளர் தண்ணீர்

"அவளே போயிட்டா. இனி நான் யாருக்காவ மாத்திரை போடணும்?"

பாக்கியசீலன் மேசை மேலிருந்த மாத்திரை டப்பாவை மகள் பக்கம் தள்ளி வைத்தார். அன்று காலைதான் டார்லின் கோயம்புத்தூரிலிருந்து மறுபடியும் பாளையங்கோட்டை வந்து இறங்கியிருந்தாள். அம்மா ஞானசௌந்தரியை அடக்கம் செய்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

"சத்து மாத்திரைதானப்பா. உங்களுக்கும் நல்லதுதான."

"எனக்கு என்ன கொறச்சல்? உங்கம்மா தனியா முழுங்க மாட்டேன்னு அடம் பிடிச்சா. கூட நானும் ஒண்ணு போட்டேன். அவ்வளவுதான்."

டார்லின் மின்விசிறியைப் போட எழுந்தாள்.

"வேண்டாம்ட்டி. சத்தம்."

பங்குனி வெயிலில் அவர் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ரேடியோவைக்கூடத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா தூக்குச்சட்டியோடு வந்தாள்.

"சொதி வச்சேன். அண்ணாச்சிக்குப் பிடிக்கும்லா."

அவர் சட்டியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"பத்தொம்பது வருசம். புத்தி கலங்குன பொம்பளைய எந்த ஆம்பிள இப்படித் தாங்குவான், சொல்லு? ஜெபம் முடிஞ்சதும் 'நாக்கக் காட்டு, நாக்கக் காட்டு'ன்னு சுவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். எங்க வீட்ல ஒண்ணு இருக்கே, தலவலின்னா தைலத்த எடுத்துத் தராது."

டார்லின் சிரித்து வைத்தாள். தெருவே அப்படித்தான் நம்பியது. நம்பட்டும் என்றுதான் அம்மாவும் இருந்தாள்.

பாத்திமா போனதும் டப்பாவைத் திறந்து எண்ணினாள். அடக்கத்துக்கு வந்த அத்தை கூட இருந்து கொடுத்த ஒரு வாரத்து மாத்திரை மட்டும் குறைந்திருந்தது. அத்தை ஊருக்குப் போன பிறகு ஒன்பது நாள் மாத்திரை அப்படியே கிடந்தது. ஃபோனில் கேட்டபோதெல்லாம் "ஆங், போட்டாச்சு" என்றிருக்கிறார்.

அது சத்து மாத்திரை இல்லை. நோய் அம்மாவுக்கும் இல்லை.

ஆற்றில் நீர்மட்டம் அளந்து எழுதும் வேலை அப்பாவுக்கு. ஆறு தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று ஒரு நாள் நோட்டைப் போட்டுவிட்டுக் கரையோடு நடந்தார். நாலாம் நாள் சீவலப்பேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரை ஆட்கள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரையை விட்டால் திரும்ப வரும் என்றும் சொன்னார்.

"எனக்கு என்ன கேடு?" என்று அப்பா மாத்திரையைத் துப்பினார். மறுபடியும் ஆற்றுக்குப் போனார். இரண்டாவது முறை மீட்டுக் கொண்டுவந்த அன்றைக்கு, அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத்தான் என்னமோ சத்தம் கேக்குது. டாக்டர் மாத்திரை தந்திருக்காரு. நீங்க கூட ஒண்ணு போட்டாத்தான் நான் போடுவேன்."

அன்றிலிருந்து தினமும் இரண்டு தம்ளர் தண்ணீர். அவர் விழுங்கி நாக்கைக் காட்டினால்தான் அவள் விழுங்குவாள். பிறகு அவரும் அவளிடம் சத்தமாக "நாக்கக் காட்டு" என்பார். அவள் விழுங்கியது கால்சியம். அவர் விழுங்கியதுதான் மருந்து. டாக்டருக்கும் டார்லினுக்கும் மட்டும் தெரியும். இந்தத் தெருவுக்குக் குடிவந்ததே அதற்குப் பிறகுதான்.

இப்போது அம்மா இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டால் அப்பா ஆற்றுக்குப் போய்விடுவார்.

சாயங்காலம் ஜெபம் முடிந்தது. டார்லின் இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றின் பக்கத்தில் மஞ்சள் மாத்திரை, இன்னொன்றின் பக்கத்தில் வெள்ளை.

"அப்பா, உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கும் ஆரம்பிச்சிருக்கு. அம்மாவுக்கு இருந்த மாதிரியே. யாரோ கூப்பிடுத மாதிரி இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர் மாத்திரை தந்திருக்காரு. தனியா முழுங்கப் பயமா இருக்குப்பா. நீங்க கூட ஒண்ணு போட்டாத்தான்..."

அம்மாவின் பேச்சு அவள் வாயில் பாதியில் நின்றுவிட்டது.

அவர் மஞ்சள் மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, தம்ளர் காலியாகும்வரை குடித்தார். யாரும் கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினார். அவள் வெள்ளை மாத்திரையை எடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போட வேண்டாம்ட்டி. உங்கம்மா தின்ன கால்சியம் போதும் இந்த வீட்டுக்கு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வருசமே தெரியும். கிறுக்கின்னு ஊர் சொல்லுத பேர எனக்காவ வாங்கிக்கிட்டு நிக்கா. அவள்ட்ட போயி, தெரியும்னு எப்படிச் சொல்ல?"

"பெறவு ஏன்ப்பா ஒம்பது நாளா நிப்பாட்டுனீங்க?"

அவர் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்.

"மாத்திரைய விட்டா குரல் கேக்கும்லா, அதான். யார் யாரோ வந்து பேசுதாங்க, டார்லின். உங்கம்மா மட்டும் வரல."